தண்ணீர் வள்ளலுக்கு ஒரு பாராட்டுரை

எங்கள் மேஸ்திரியைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். கார் நிறுத்த அவர் போட்டுத் தந்த கான்கிரீட் தரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசட்டும். அப்படியொரு கைராசி எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

முதலில் அவருடைய ஈகை. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு லிட்டர் என்று படித்த கருமிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மேஸ்திரிக்கு அளந்து பழக்கமில்லை. மிக்சர் வாய்க்குள் ஹோஸை விட்டார். கலவை ரசம் மாதிரி ஓடிய பிறகுதான் எடுத்தார். ஆட்கள் மட்டப்பலகையை அழுத்தி இழுக்க வேண்டியே வரவில்லை, தானாகப் பரவிக்கொண்டது. கூலிக்காரர்களின் இடுப்பு வலியை இவ்வளவு எண்ணிப் பார்க்கிற மனசு யாருக்கு வரும்? சிமெண்டுக்குத் தேவைப்படாத அந்த உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகும், தரை சுருங்கப் பார்க்கும், அடித்தளம் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்ளும், அமுக்கினால் தாங்குகிற கான்கிரீட் இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவே தாங்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதெல்லாம் அவர் பணம் வாங்கிக்கொண்டு போன பிறகு நடப்பவை. கொடுக்கும்போது பின்னால் வருவதைப் பார்ப்பவன் வள்ளலா?

அடுத்து, அஞ்சாமை. கத்திரி வெயில், உச்சிப்பொழுது, புழுதிக்காற்று. அதிகாலையில் போடலாமே என்றதற்கு, "வெயில்ல போட்டாதான் சார் சீக்கிரம் காயும்" என்றார். கான்கிரீட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை, தண்ணீரோடு சிமெண்ட் வினைபுரிந்துதான் இறுகுகிறது என்ற கட்டுக்கதையில் அவருக்கு நம்பிக்கையில்லை. கீழேயிருந்து கசிந்து மேலே வரும் நீரைவிட வேகமாக வெயிலும் காற்றும் மேல்பரப்பை உறிஞ்சிவிட்டால், இறுகும் முன்பே தோல் வெடிக்கும். எங்கள் தரையும் வெடித்தது. சாயங்காலத்துக்குள், முழ இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாகச் சாய்ந்த கோடுகள். கலவை பச்சையாக இருக்கும்போதே மணியாஸ் கட்டையால் அழுத்தித் தேய்த்து ஈரச் சாக்குப் போட்டிருந்தால் மூடியிருக்கும். மேஸ்திரி அப்போது டீக்கடையில் இருந்தார். உழைத்த மனிதருக்கு ஓய்வு வேண்டாமா?

வந்ததும் பார்த்தார். குனியவில்லை, வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "ஏர் கிராக் சார், ஒண்ணும் பண்ணாது" என்றார். விரிசலின் அகலத்தையும் ஆழத்தையும் கண்ணாலேயே எடைபோடும் இந்த ஆற்றல் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரப்படுவதில்லை. இன்ஜினியர் இன்னும் ஒரு படி மேல். வாட்ஸ்அப்பில் படம் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

தரையின் மேலே மிதந்த தண்ணீருக்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது: உலர்ந்த சிமெண்டை அள்ளித் தூவி, கண்ணாடி மாதிரி இழைத்தார். அன்றைக்குப் பளபளத்தது. மறுவாரம் தண்ணீர் தெளித்துத் துடைத்தால், ஈரம் உலர்கிற நேரத்தில் மீன்வலை போல நுண்ணிய கோடுகள் தரை முழுக்கத் தெரிகின்றன. கோலம் போடும் வேலை மிச்சம். தினமும் பெருக்கினால் தினமும் சிமெண்ட் தூள் வருகிறது. வாங்கிய சரக்கைத் தரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது.

கான்கிரீட்டுக்கு அவர் கொடுத்த சுதந்திரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. நாலு அங்குலத் தரை என்றால் சுமார் பத்தடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழத்தில், போட்ட ஒரு நாளுக்குள் கட்டரால் கீறிவிட வேண்டும்; விரிசல் அந்தக் கோட்டுக்குள்ளேயே ஒழுங்காக ஒடுங்கிவிடும் என்பார்கள். மேஸ்திரி அடக்குமுறைக்கு எதிரானவர். விரிசல் தன் இஷ்டப்படி தூண் மூலையில் புறப்பட்டு, நடுவே ஒரு வளைவு எடுத்து, கேட் வரைக்கும் போயிருக்கிறது.

கலவையில் அவ்வளவு வாரிக் கொடுத்தவர், மறுநாள் முதல் சிக்கனத்தைக் கடைப்பிடித்தார். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி குறைந்தது 7 நாள், வறண்ட வெயிலில் 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் லாரித் தண்ணீர் என்ன விலை விற்கிறது! வாளியில் மொண்டு இரண்டு கை தெளித்தார், முடிந்தது. ஊற்றக் கூடாத நேரத்தில் ஊற்றி, ஊற்ற வேண்டிய நேரத்தில் மிச்சம் பிடித்ததால் மொத்தக் கணக்கு சரியாகத்தான் வந்திருக்கும்.

இப்போது பரிகாரம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு, வளர்கிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டும், நின்றுவிட்டால் எபாக்ஸி, இன்னும் அசைந்தால் பள்ளமாக வெட்டி பாலியூரித்தேன் நிரப்பு என்பது நாள் கடத்துகிறவர்கள் பேச்சு. மேஸ்திரி பிரஷ் எடுத்து சிமெண்ட் பால் பூசினார். அரை மணி நேர வேலை. அந்தப் பாலும் காய்ந்து சுருங்கி, பழைய விரிசலுக்குள் புது விரிசல் கண்டது. "அதுமேல டைல்ஸ் ஒட்டிட்டா தெரியாது சார்" என்று அதற்கும் ரேட் சொல்லியிருக்கிறார். அசைகிற விரிசல்மேல் ஒட்டினால் டைல்ஸும் அதே கோட்டில் பிளக்கும். அதற்கும் அவரிடம் ஒரு யோசனை இல்லாமலா போகும்?

அடுத்த தெருவில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறவர், ஆள் எப்படி என்று என்னிடம் விசாரித்தார். தண்ணீர் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லி, போன் நம்பரும் கொடுத்தேன்.