நத்தார்ப் பலகாரமும் ஒரே மாவும்

ஹம், ஜேர்மனி
மார்கழி முதற் கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கலியாண வீட்டுப் பலகாரச் சூடென்றால் உங்களை அழைக்காத வீடு நம் பகுதியில் இல்லையாகையால், "அந்த நாட்டுச் சனம் நத்தாருக்கு என்னதான் சுடுகுது?" என்று நீங்கள் கேட்டிருப்பதை வெறும் உபசார வார்த்தையாக நான் கொள்ளவில்லை, துறைபோன வித்துவான் ஒருவர் பிறதேசத்து வித்துவான்களின் திறத்தை விசாரிப்பதாகவே கருதி விரிவாக எழுதத் துணிகிறேன்.

நத்தார் மார்கழி 25 இல் வருவதென்றே நாம் அங்கே எண்ணியிருந்தோம். இந்நாட்டுக் கடைக்காரருக்கோ அது செப்டெம்பரிலேயே வந்துவிடுகிறது. சனங்கள் இன்னும் அரைக்கைச் சட்டையோடு திரியும்போதே, வாசனைத் திரவியங்கள் சேர்த்த லேப்கூகன் என்னும் தேன் பணியாரம் தட்டுகளில் வந்து குந்திவிடும். ஆயினும் வீடுகளில் போறணை மும்முரமாய்ச் சூடேறுவது, நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் ஞாயிற்றுக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றும் திருவருகைக் காலத்திலேதான். அப்போது சுடப்படும் சிறு பிஸ்கற்றுகளைப் 'பிளெற்ஸ்சென்' என்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டியார், வடக்கே லூனெபுர்க் பக்கத்திற் பிறந்தவர்; பத்துப் பன்னிரண்டு வகைக்குக் குறைந்தால் குடும்ப கௌரவத்துக்கே பங்கம் என்ற சித்தாந்தத்தில் ஊறியவர். அரைத்த வாதுமையும் மாவும் வெண்ணெயும் பிசைந்து பிறை வடிவாய் வளைத்துச் சுடும் ஒரு வகை உண்டு. அதை வனிலாச் சீனியிற் புரட்டுவதில் சற்று முந்தினால் பிறை உடைந்துபோகும், சற்றுப் பிந்தினால் சீனி ஒட்டாது. கறுவா நட்சத்திரம் என்பது அதனினும் பொல்லாதது. கோதுமை மாவென்பதே இல்லாமல் வாதுமைத் தூளும், சீனியும், முட்டை வெள்ளையும், கறுவாவும் சேர்த்துப் பிசைந்த அந்தப் பிசின், நட்சத்திர அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வர மறுப்பதோடு, மேலே பூசிய வெள்ளைப் பூச்சு போறணையிற் சிறிதும் சிவக்கலாகாது என்ற நிபந்தனையும் உடையது. சுட்டு முடிந்தபின் வகைக்கொரு தகரப்பேணி வேண்டும். மெதுவானதையும் மொறுமொறுப்பானதையும் ஒன்றாய் வைத்தால் மொறுமொறுப்பு போய்விடுமல்லவா? லேப்கூகன் பேணிக்குள் மட்டும், அது இளகியிருப்பதற்காக ஓர் அப்பிள் துண்டு குடியிருக்கும்.

இத்தகைய மகாயாகத்தை ஆண்டுதோறும் நடத்தி வந்தவருக்கு இம்முறை மணிக்கட்டில் நோவு கண்டது. பூரிக்கட்டையைத் தொடவே கூடாதென்று வைத்தியர் விதித்துவிட, அவர் கண்ணீரும் கம்பலையுமாக வந்து என் மனைவியிடம் முறையிட்டார். உங்கள் மருமகள் சங்கதியை முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு மா போதும்" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மாவும் இந்நாட்டுச் சொத்தே. சீனி ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, கோதுமை மா மூன்று பங்கு. அதாவது 100 கிராம், 200 கிராம், 300 கிராம். 'ஒன்று-இரண்டு-மூன்று மா' என்று இங்குள்ள சிறு பிள்ளைகளும் அறிந்த இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வகைக்குப் பன்னிரண்டு கணக்கு எதற்காகப் போட்டார்களென்பது எனக்கு விளங்கவேயில்லை. என் மனைவி மாவைப் பிரித்து, ஒன்றிற் கொக்கோவும், ஒன்றில் வாதுமையும், ஒன்றில் தேசிக்காய்த் தோலும் சேர்த்து, மற்றொன்றை வெறுமையாகவே விட்டு, எல்லாவற்றையும் நீளமாய் உருட்டி இரவு முழுதும் குளிர்சாதனப் பெட்டியில் கிடத்தினாள். காலையிற் கத்தியால் வில்லை வில்லையாய் அரிந்தாள். தேய்ப்பதில்லை, அச்சில்லை, மிஞ்சிய விளிம்பை மறுபடி மறுபடி திரட்டி, மேலும் மா தூவிப் பலகாரத்தை வன்மையாக்குவதும் இல்லை. போறணையின் காற்றாடியைச் சுழலவிட்டு, 180 பாகைக்குப் பதிலாக 160 பாகையில், இரண்டு தட்டுகளை ஒருங்கே வைத்தெடுத்தாள்.

மூதாட்டியாரின் பிறந்தகத்துப் பலகாரமாகிய ஹைடசான்டும் இந்த முறைக்குத் தானாகவே வந்து அடங்கியது. வெண்ணெயைக் காய்ச்சிக் கசண்டு சிவந்து மணம் எழும்வரை விட்டு, ஆறவைத்து உறைந்தபின் சீனியும் மாவும் சேர்த்து உருட்டி அரிவது அது. நீங்கள் நெய் உருக்குவதற்கும் அவர்கள் வெண்ணெய் காய்ச்சுவதற்கும் பேதம் சொற்பமே என்பதை, அந்த வாசம் மாடிப்படியேறி வந்து என்னைக் கூப்பிட்ட கணத்திலேயே நான் அறிந்துகொண்டேன்.

கறுவா நட்சத்திரத்தில்தான் வாதம் முற்றியது. அச்சை விட்டுக் கத்தியாற் சாய்சதுரமாக வெட்டலாம், ஒரு துளியும் வீணாகாது என்றாள் என் மனைவி. நட்சத்திரம் இல்லாமல் நத்தாரா என்று மூதாட்டியார் திகைத்தார். "நட்சத்திரத்தைப் பார்த்து நடந்த கீழ்த்திசை ஞானிகள் வந்து சேர்ந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டதே அம்மா, இனி யார் வழிதவறப் போகிறார்கள்?" என்று நான் குறுக்கே சொன்னது, என் மொழிப்புலமையின் குறைவாலோ என்னவோ, அங்கே சிரிப்பை உண்டாக்கவில்லை. எனினும் சாய்சதுரமே வென்றது. விருந்தாளிகள் தட்டைப் பார்த்து வகைகளை விரல்விட்டு எண்ணி வியந்தார்கள். அவற்றிற் பெரும்பாலானவை ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை எவரும் கண்டுபிடிக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் பலகாரத்தின் பெருமை நாக்கிலே பாதி, எண்ணிக்கையிலே பாதி. எண்ணிக்கையைக் கத்தியே கவனித்துக்கொள்ளும்.

இவ்வளவு சுருக்கியதனால் மூதாட்டியார் ஓய்ந்திருப்பாரென்று எண்ணிவிடாதீர்கள். மிச்சப்பட்ட பொழுதைச் சும்மா விடுவது இந்நாட்டு இயல்பன்று. மணிக்கட்டையும் மறந்து, ட்ரெஸ்டன் நகரத்துப் பாணியில், முந்திரிகை வற்றல் நிறைந்த ஸ்ரொல்லன் என்னும் பெரிய நத்தார் அப்பம் பிசையத் தொடங்கிவிட்டார். அதுவோ சுட்டபின் வாரக்கணக்காய்ப் பொதிந்து வைத்துப் பதப்படுத்த வேண்டியது.

ஒரு விண்ணப்பம். இங்கே மலிவாய் விற்கும் தடித்த சீனக் கறுவாவில் கூமரின் என்னும் பதார்த்தம் மிகுதியென்றும், அளவு மீறினால் சிலருடைய ஈரலுக்கு ஆகாதென்றும் 2006 ஆம் ஆண்டில் இந்நாட்டு அரசு நிறுவனம் ஒன்று எச்சரித்தது முதல், கறுவா நட்சத்திரத்தை அடுத்தடுத்து வாயிலிடுவோர் சற்று யோசிக்கலாயினர். நமது இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். ஆகவே ஊரிலிருந்து புறப்படுபவர் எவரையேனும் பிடித்து, நம் யாழ்ப்பாணத்துச் சுருட்டுப் போல ஏடு ஏடாய்ச் சுருண்ட மெல்லிய பட்டையாகப் பார்த்து இரண்டு கட்டுக் கொடுத்தனுப்புங்கள். மூதாட்டியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பொதியில் இடம் மிஞ்சுமாயின், பயத்தம் பணியாரம் வைப்பதில் எனக்கு யாதோர் ஆட்சேபமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் மூத்த மகன்