பிக்ஷுவும் ரோஜாப்பூவும்

புத்தகத்தைத் திறந்ததும் கதை வரவில்லை, எச்சரிக்கை வந்தது. ஆள் கடத்தல், ஒளிந்திருந்து பார்த்தல், கொலை, சித்திரவதை, இன்னும் இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடக்கூடிய சில சமாசாரங்கள். இதெல்லாம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடலாம் என்கிற தோரணையில் ஒரு நீண்ட பட்டியல். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, பொடி எழுத்துச் சீட்டு, அந்த மாதிரி. அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர் யார்? நானும் அடுத்த பக்கம் புரட்டினேன்.

எச்.டி. கார்ல்டன் எழுதிய 'ஹாண்டிங் அடலைன்'. 2021-இல் வந்தது. 'டார்க் ரொமான்ஸ்' என்றால் இன்றைய பெண்கள் முதலில் சொல்கிற பெயர்களில் ஒன்று. பரனூர் மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "ரமணிசந்திரனைக் கரைச்சுக் குடிச்சவங்க நீங்க. இதையும் பார்த்துடுங்க சித்தி" என்றாள். அதில் கொஞ்சம் நக்கல் இருந்தது.

அட்டையைப் பார்த்தால் வீட்டு ஹாலில் போட முடியாது. பழைய மாதக் காலண்டர் தாளைக் கிழித்து அட்டை போட்டேன். வேதகிரீஸ்வரர் கோயில் படம் போட்ட தாள். படம் வெளிப்பக்கம் வந்துவிட்டது. மாமல்லபுரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்ததும் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே அந்த நேரம் கதாநாயகன் கதாநாயகியின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டிருந்தான்.

"என்ன புராணம்மா?"

"ஒருத்தர் இன்னொருத்தர் மேல உயிரையே வெச்சிருக்கார். போற இடமெல்லாம் பின்னாலயே போறார்."

"பக்தின்னா அப்படித்தான் இருக்கணும்" என்றார் பாட்டி.

கதை இதுதான். அடலைன் ஒரு எழுத்தாளர். பாட்டி விட்டுப்போன பழைய மாளிகையில் தனியாகக் குடியிருக்கிறாள். ஜேட் என்பவன் கம்ப்யூட்டர் கில்லாடி. கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் மீட்கிற புண்ணியவான். புத்தகக் கடையில் இவளைப் பார்த்தவன், அன்றிலிருந்து நிழலாகத் தொடர்கிறான். வீட்டுக்குள் புகுந்து ரோஜாப்பூ வைத்துவிட்டுப் போகிறான். இவளோடு பழக வந்தவனின் கைகளை வெட்டிப் பெட்டியில் போட்டு வாசலில் வைக்கிறான். இத்தனைக்கும் பிறகு அவளுக்கு அவன் மேல் காதல் வருகிறது. வந்த கையோடு அவளை வேறு யாரோ கடத்திக்கொண்டு போக, மீதிக்கு இரண்டாம் பாகம் வாங்க வேண்டும்.

எனக்குப் பயம் வரவில்லை. ஊர்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஜேட் மாதிரி ஒருத்தன் எங்கள் தெருவில் ஒரு ராத்திரி தாங்கமாட்டான். தெருமுனையில் நின்றாலே இஸ்திரிக்காரர் "யார் வீட்டுக்குப்பா?" என்பார். தப்பித்து உள்ளே வந்தால் எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த அம்மா, "வாடகைக்கு வீடு பார்க்க வந்தியா? கறி சமைப்பீங்களா?" என்று விசாரணையை ஆரம்பிப்பார். ரோஜாப்பூ வைத்தால் என் மாமியார் எடுத்துச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டு, காம்பு இவ்வளவு நீளமாகவா வைப்பது என்று குறை சொல்வார். அந்தப் பெட்டி? எங்களுக்கு வரும் பார்சல் எல்லாமே பக்கத்து வீட்டில்தான் இறங்கும். ஆன்லைனில் வாங்கின குக்கர் கேஸ்கெட் என்று நினைத்து அவர்களே பிரித்தும் பார்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் பின்தொடர்ந்தால் 78-ஆவது பிரிவு, முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை, மறுபடி செய்தால் ஐந்து வருஷம் வரை. ஜேட் செய்கிற காரியத்துக்கு அவன் ஆயுள் போதாது.

ஆனால் ஆள் புதுசில்லையே என்ற எண்ணம் மட்டும் நடுவில் வந்துகொண்டே இருந்தது. ரமணிசந்திரன் கதைகளில் வராத கோபக்காரனா? பெரிய பங்களா, பெரிய கார், பெண் மேல் ஏதோ ஒரு தப்பான சந்தேகம், அதை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சுடுசொல். கடைசியில் உண்மை தெரிந்ததும் உருகிவிடுவான். நாங்களும் கூடவே உருகினோம். எச்சரிக்கைப் பட்டியல் எதுவும் கிடையாது. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனைதான் ஒரே எச்சரிக்கை. இப்போது இணையத்தில் தமிழிலேயே 'ஆன்ட்டி ஹீரோ' கதைகள் குவிந்து கிடக்கின்றன. பாதிக் கதைகளில் முதல் அத்தியாயத்திலேயே கட்டாயத் தாலி.

அதற்கும் முன்னால் இந்தக் கடற்கரையிலேயே ஒருத்தன் இருந்தான். நாத்தனார் வீட்டுக்குப் போகிற வழியில் சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது: நாகநந்தி! மாமல்லபுரத்து மணலில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்று கல்கியே சொன்ன கதை, 'சிவகாமியின் சபதம்'. 1944-இல் தொடராக ஆரம்பித்தது. காவி கட்டிய பிக்ஷுவான இந்த நாகநந்தி, ஆடுகிற பெண் சிவகாமி மேல் பித்தாகிறான். அவள் அப்பா ஆயனருக்கு அஜந்தா வர்ண ரகசியம்தான் மூச்சு என்று தெரிந்துகொண்டு அந்தத் தூண்டிலைப் போடுகிறான். அண்ணன் தம்பி உருவ ஒற்றுமை, விஷக்கத்தி, வாதாபிச் சிறை என்று எதற்கும் குறைவில்லை. மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த தலைப்பே 'பிக்ஷுவின் காதல்'. ஜேட் இவனிடம் எடுபிடியாகச் சேரலாம்.

கல்கி கெட்டிக்காரர். பித்துப் பிடித்தவனை ஒரு பக்கமும் சிவகாமி விரும்புகிற வீரன் மாமல்லனை இன்னொரு பக்கமும் நிறுத்தி, நீ யாரை விரும்ப வேண்டும் என்பதில் குழப்பம் வைக்கவில்லை. கார்ல்டன் அம்மாள் இருவரையும் ஒரே சட்டைக்குள் போட்டு பொத்தானைப் பூட்டிவிட்டார். ஆனாலும் மாமல்லனைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வருஷக்கணக்கில் சிவகாமியைக் காத்திருக்க வைத்துவிட்டு, பாண்டிய ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டு, பிறகு சாவகாசமாகப் படையெடுத்துப் போனவன். அவன் பெயரில் ஊர், அவன் பெயரில் ஹோட்டல். பிக்ஷு பெயரில் ஒரு டீக்கடைகூட இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அக்கா மகளிடம் 'சிவகாமியின் சபத'த்தைக் கொடுத்தனுப்பினேன், நான்கு பாகமும். கொஞ்ச நாள் சத்தமில்லை. ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போன்.

"சித்தி, நாகநந்திதானே ஹீரோ?"

"வில்லன்டி."

"போங்க சித்தி. அவராவது அவ டான்ஸைப் பார்த்தார். மாமல்லன் சுத்த வேஸ்ட்டு. அந்த அப்பா பெயின்ட் பெயின்ட்டுன்னு அலையறாரே, அதுக்கு முன்பக்கத்துல ஒரு வார்னிங் போட்டிருக்க வேண்டாமா?"