அஞ்சாம் மாடியில ட்ரம் சத்தம்

வாங்கோ தம்பிமார், இருங்கோ. வெள்ளவத்தையில புளொட்டின்ர அஞ்சாம் மாடியில ட்ரம் அடிக்கிறதுக்குத் துணிவு வேணும். கீழ் வீட்டு ரீச்சர் வந்து, "அப்பு, மேல வீடு இடிக்கினமோ?" எண்டு கேட்டவ. "இல்லைப் பிள்ளை, கட்டுகினம்" எண்டு சொல்லி அனுப்பினன்.

உங்கட பாண்டுக்குப் பாட்டு இன்னும் ஒண்டும் இல்லையாம். ஆனால் பேர் இருக்கு, ரீசேட் அடிச்சாச்சு. நல்ல புத்தி. பாண்ட் உடைஞ்சாலும் ரீசேட்டை வீட்டில போடலாம். பாட்டெண்டால் ஒண்டுக்கும் உதவாது.

"நாங்கள் ராக், பைலாப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டம்" எண்டு சொன்னியளாம். இதே காலி வீதியில தெற்கால போனால் மொரட்டுவை. 1971இல அன்ரன் பெரேரா எண்ட மனுசன் அங்க தன்ர பிள்ளையளைச் சேர்த்து ஜிப்ஸீஸைத் தொடங்கினார். தகப்பன் தொடங்கின பாண்ட், கவனியுங்கோ. உங்கட கொப்பர்மாரிட்ட கிற்றார்க் கம்பிக்குக் காசு கேட்டால் சீமா சோதினையைப் பற்றியெல்லே கதைக்கினம்! ஜிப்ஸீஸும் ஆங்கிலப் பாட்டோடதான் வெளிக்கிட்டவை. பிறகு சிங்களத்துக்கு வந்து, பைலாவுக்குள்ள இறங்கி, அரசியல்வாதியளைப் பாட்டிலயே பகிடி பண்ணுற அளவுக்கு வளர்ந்தினம். அன்ரன்ர மகன் சுனில் பெரேரா 2021 செப்ரெம்பரில, கொரோனாக் காலத்தில, மோசம் போனார். தம்பி பியல் பாண்டைக் கைவிடேல்லை. ஐம்பது வருசம்! உங்கட பாண்ட் போன கிழமை மட்டும் ரெண்டாய்ப் பிரிஞ்சு திரும்ப ஒட்டினதெண்டு கேள்வி.

பைலாவின்ர அந்த ஆறு-எட்டுத் தாளம் போர்த்துக்கேயர் விட்டிட்டுப் போன சாமான். அதைச் சிங்களப் பாட்டுக்கு வடிவாய்ப் பொருத்தின வோலி பஸ்தியான் ஒரு பொலிஸ்காரர். பொலிஸ்காரரே தாளம் போட்ட நாட்டில, சத்தத்துக்குப் பொலிஸ் வருமெண்டு நீங்கள் யன்னலைப் பூட்டுறியள்.

எங்கட தமிழ் ஆக்களுக்கு உது வராதெண்டும் நினையாதேங்கோ. நித்தி கனகரத்தினத்தின்ர 'சின்ன மாமியே' பாட்டு வந்த நேரம் காதைப் பொத்தின பெரிய மனுசர், கலியாண வீட்டில மேசைக்குக் கீழ காலால தாளம் போட்டதை நான் கண்டனான். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யோட கடல் தாண்டினார், 2018 தையில சென்னையிலதான் கண்ணை மூடினார். இந்தப் பாட்டுகளுக்குப் பொப்பிசை எண்டொரு பேர் வைச்சு, பிறகு அதை நாங்களே மறந்திட்டம். எங்கட கெட்டித்தனம் அது.

இல்லை, காது கிழியத்தான் வேணுமெண்டால் கல்கிசையைப் பாருங்கோ. சென். தோமஸ் கல்லூரிப் பெடியள் தொடங்கின ஸ்ரிக்மாட்டா மெற்றல் பாண்டுக்கு முதல் அல்பம் 2003இல, நாலாவது 2015இல. அவ்வளவு சத்தத்துக்குள்ளயும் அவ்வளவு பொறுமை. நீங்கள் தைப்பொங்கலுக்கு அல்பம் எண்டு நிக்கிறியள். சொல்லுங்கோ, ஆனால் எந்தத் தைப்பொங்கல் எண்டு மட்டும் வாய் விடாதேங்கோ.

கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் ஏறி வாற ட்ரம் பெடியனைப் பற்றியும் ஒரு சொல். அவன் கோயில் குவயருக்கு வாசிச்சுப் பழகினவன், தாளம் பிழைச்சால் சுவாமியாரே திரும்பிப் பார்ப்பார். உங்களுக்குள்ள நேரத்துக்கு வாறதும் அவன்தான், நேரத்தில நிக்கிறதும் அவன்தான். அதாலதானே அவனைப் பின்னால இருத்தி, முகம் தெரியாமல் படம் எடுத்துப் போட்டிருக்கிறியள்?

கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கோ. ரெண்டு ராக் பாட்டுக்கு மேசையில இருந்து சோறு தின்னுவினம், மூண்டாவதாய்ப் பைலா போட்டால் பொம்பிளையின்ர தகப்பன் கோட்டைக் கழட்டுவார். சம்பளத்தை அந்த நேரம் பார்த்துக் கேட்டு வாங்கிப்போடுங்கோ.

இன்னொண்டு. பேஸ் அடிக்கிறவருக்குக் கனடா வீசா வரப்போகுதாம். சந்தோசமாய் அனுப்புங்கோ, விமான நிலையத்தில ஒரு பாட்டும் பாடுங்கோ. கிற்றாரை அவர் கொண்டு போகட்டும். அம்ப்ளிஃபையரை மட்டும் முதல் நாளே என்ர அறைக்குள்ள இறக்கிப்போடுங்கோ, அது எல்லாற்ற காசும் போட்டு வாங்கின சாமான்.