வாயைக் கட்டும் ரௌட்டர்

கேள்வி: ஃப்ரேம் ரிலேயில் 128 கிலோபிட் லைன் வாங்கியவர், டிராஃபிக் ஷேப்பிங் என்று சொல்லித் தன் ரௌட்டரின் வாயைத் தானே கட்டுவானேன்?

பதில்: கம்பிதான் 128. கம்பெனி வாக்குக் கொடுத்தது 64 என்றால், அந்த வாக்குக்குப் பெயர் சிஐஆர். கம்பிக்கோ மெதுவாக ஓடத் தெரியாது. ஒரே ஒரு பிட் என்றாலும் 128 வேகத்தில்தான் பாயும். ஆகவே ரௌட்டர் நேரத்தில் கை வைக்கிறது. 125 மில்லிசெகண்டுக்கு 8,000 பிட் என்று படியளக்கும். அது பாதி நேரத்திலேயே தீர்ந்துவிடும். மீதி 62.5 மில்லிசெகண்ட் மௌனவிரதம். சராசரி 64, கணக்கு நேர்!

விரதத்தை மீறினால்? அதிகப்படி ஃப்ரேம்களின் நெற்றியில் ஸ்விட்ச் ‘டிஇ’ என்று நாமம் போடும். நெரிசல் வந்தால் முதலில் குப்பைக்குப் போவது நாமதாரிகள்தான். அதற்கு முன்பே ‘பெக்கன்’ என்ற எச்சரிக்கை பிட் திரும்பி வரும். அதற்குக் காதுகொடுக்கும்படி அமைத்த ரௌட்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மற்றவை பட்டால்தான் திருந்தும்.

எம்பிஎல்எஸ்ஸும் ஈதர்நெட்டும் வந்து ஃப்ரேம் ரிலேயை ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. ஷேப்பிங் மட்டும் இன்னமும் வேலையில் இருக்கிறது.