ஸ்டூல் போட்ட முதலாளிக்கு

பெருமதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

தி.நகர்க் கடையின் பட்டுப் பிரிவிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் ஸ்டூலுக்கு நன்றி. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்றார்கள். கேரளத்தில் 2018-இலேயே வந்துவிட்டது. நீங்களும் மறுபேச்சில்லாமல் கவுண்டருக்கு ஒன்று வாங்கிப் போட்டீர்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு அமைந்தால் உட்காரலாம் என்பதுதான் சட்டம். அந்த வாய்ப்பு அமையாமல் பார்த்துக்கொள்ளத்தான் சூப்பர்வைசர் இருக்கிறார். கஸ்டமர் இல்லையா, சேலையை மடி. மடித்தாயிற்றா, பிரித்து மறுபடி மடி. ஸ்டூலின்மேல் இப்போது தள்ளுபடி போர்டு உட்கார்ந்திருக்கிறது.

உங்களைப் புறம் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டையும் தீப்பெட்டி ஆபீசையும் விட்டால் எங்களுக்கு வேறென்ன இருந்தது? சேர்ந்த அன்றே தங்க இடம், மூன்று வேளைச் சோறு. சம்பளம் கைபடாமல் ஊருக்குப் போனது; அண்ணன் கடன் அதில்தான் அடைந்தது. தொழிலும் படிந்தது. கல்யாணப் பட்டெடுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தால், பணம் கொடுப்பவர் யார், எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கப் போகும் நாத்தனார் யார் என்று படியேறும்போதே தெரிந்துவிடும். நாத்தனாரைச் சரிக்கட்டினால் பில் போட்டுவிடலாம். திட்டித் திட்டித்தான் சொல்லித் தந்தீர்கள். இளகிய மனசுக்காரரிடம் நின்றிருந்தால் பாதிகூட வந்திருக்காது. இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

வருத்தமெல்லாம் கணக்கில். அதே சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்கிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்கிறது. காலையில் ஐந்து நிமிடம் பிந்தினால் மோப்பம் பிடித்துச் சம்பளத்தில் கழிக்கும் கம்ப்யூட்டருக்கு, ஆடித் தள்ளுபடி இரவுகளில் ஷட்டர் இறங்கிய பிறகு நாங்கள் அடுக்கும் சேலைகள் தெரிவதில்லை. அந்நேரம் அது கண்ணயர்ந்துவிடுகிறது. அதுவாவது தூங்கட்டும். பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கக் கூசி, பிள்ளைகள் தண்ணீரையே குறைத்துக்கொண்டார்கள். குடிநீர்ச் செலவில் உங்களுக்கு அதுவும் மிச்சம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நிற்பதற்கு மட்டும் கழிவு ஏதும் இல்லை.

ஊர் கேட்காதா என்றால், கேட்டது. 2010-இல் எங்களைப் போன்ற துணிக்கடை ஊழியர்களின் கதையாக ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது எங்களுக்காக அழுதவர்கள் எத்தனையோ பேர். அந்த வருஷத் தீபாவளிக்கும் துணியெடுக்க இதே தெருக்களுக்குத்தான் வந்தார்கள்.

போன மாதம், “தங்கச்சியையும் கூட்டிட்டு வாம்மா” என்றீர்கள். கட்டாயம் வருவாள். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதில் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர் வேலையும் இருக்கிறது. வந்தால் முதலில் கூடுதல் நேரப் பதிவேட்டைத்தான் கேட்பேன் என்கிறாள். ஒன்று வாங்கி வைத்து இப்போதே எழுத ஆரம்பித்தால் அன்றைக்கு உங்களுக்கு அலைச்சல் இருக்காது, அண்ணாச்சி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பட்டுப் பிரிவு ஊழியர்