புது வெர்ஷன் ஏத்தின பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஆபீஸ்ல வேர்டு புது வெர்ஷன் ஏத்திட்டாங்கன்னு லேக் மார்க்கெட்ல வச்சு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சே. இப்ப என்னடான்னா, ஒரு எழுத்தைத் தட்டினா அது திரையில வந்து சேருததுக்குள்ள ஒரு மடக்கு சாயா குடிச்சிரலாம்ங்கே. குடியேன், யாரு வேண்டாங்கா? சம்பளமும் குடுத்து மண் குவளையில சாயா குடிக்க நேரமும் குடுக்குத கம்பெனி டல்ஹவுசியில வேற எங்க கிடைக்கும்? மேனேஜர் கேட்டா, ‘தாதா, கம்ப்யூட்டர் யோசிச்சுக்கிட்டு இருக்கு’ன்னு சொல்லு. ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் யோசிச்சா நல்லதுதானே.

நம்மாளுக சுருக்கெழுத்தும் டைப்பும் பாஸ் பண்ணிட்டு ஹவுராவுல வந்து இறங்கின காலத்து ஆளு நான். ரெமிங்டன்ல கட்டை இறுகிச்சுன்னா ரெண்டு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் எங்க அப்கிரேடு.

இந்தக் கல்கத்தாவுல ஒரு பழைய கதை உண்டு. 1960-கள்ல எல்.ஐ.சி. இங்க இலாக்கோ ஹவுஸ்ல கம்ப்யூட்டர் வைக்கப் பாத்துது. வேலை போயிரும்னு ஊழியருங்க ராப்பகலாக் காவல் இருந்து அதை உள்ள விடலை. பாவம், அவசரப்பட்டுட்டாங்க. மெஷினு இம்புட்டு மெதுவா வேலை பாக்கும்னு தெரிஞ்சிருந்தா மாலை போட்டுல்லா கூட்டிட்டுப் போயிருப்பாங்க!

நிக்லாவுஸ் விர்த்னு சுவிட்சர்லாந்துக்காரர், பாஸ்கல் மொழியை உண்டாக்கினவர், 1995-லயே எழுதி வச்சிட்டாரு: மெஷினு வேகமாகுததை விட விரசா மென்பொருள் மந்தமாகுதுன்னு. ஒரு காலத்துல எழுத்தைத் திருத்துத மென்பொருள் 8,000 பைட்டுக்குள்ள அடங்கிச்சாம். இப்ப உங்க கடுதாசித் தலைப்புல ஒட்டுத முத்திரைப் படமே அதை விடப் பெருசா இருக்கும். 2013-ல வந்த வேர்டுல கர்சர் எழுத்துக்கு எழுத்து தாவாம வழுக்கிக்கிட்டுப் போகும். அழகுதான். உழுத மாட்டுக்குக் கொம்புல குஞ்சம் கட்டினா அதுவும் அழகுதான்.

புது மெஷின் கேட்டு எழுதப் போறேன்னு சொல்லுதே. எழுது. அந்தக் கடுதாசியையும் இதே மெஷின்லதானே அடிக்கணும்? அது முடியுத வரைக்கும் சும்மா இருக்காம நான் சொல்லுததைச் செய்யி.

கன்ட்ரோல் கட்டையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வேர்டைத் திற. ‘சேஃப் மோடா?’ன்னு கேக்கும், ஆமான்னு சொல்லு. இப்ப ஓட்டமா ஓடுதா? அப்ப குத்தவாளி வேர்டு இல்லை, அதுல ஒண்டிக்கிட்டு இருக்குத ஆட்-இன்னுங்க. அகராதி, பி.டி.எஃப். பண்ணுதது, எவனோ போட்டுட்டு மறந்தது. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாரு.

அடுத்தது பிரிண்டர். பக்கம் எப்படி விழும்னு வேர்டு பிரிண்டர்கிட்டக் கேட்டுக்கிடும். உங்க மூணாம் மாடியில இருந்து எப்பவோ தூக்கிட்டுப் போன பிரிண்டர்தான் இன்னும் டீஃபால்ட்டா இருக்குன்னா, இல்லாதவன் பதிலுக்கு வேர்டு காத்துக் கிடக்கும். பி.டி.எஃப். பிரிண்டரை டீஃபால்ட்டா மாத்து. கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்த வழி இருந்தா அதையும் நிறுத்திப் பாரு.

அப்புறம் உங்க ஒப்பந்த ஃபைலு. வக்கீலு, அவரு ஜூனியரு, உங்க மேனேஜரு, எல்லாரும் வருசக்கணக்காச் சிவப்புல திருத்தினது ஒண்ணு விடாம உள்ள கிடக்கே, எந்த மெஷினு தாங்கும்? நகல் எடுத்துக்கிட்டு, நகல்ல மட்டும் திருத்தத்தை எல்லாம் ஏத்துக்க. அசலைத் தொடாதே.

பழைய வெர்ஷனுக்கே போயிருதேன்னு துள்ளாதே. ஆபீஸ் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட பாதுகாப்புத் திருத்தம் நின்னு போச்சு. திருடன் வந்தா கேக்க நாதி கிடையாது.

இனிமே அப்கிரேடுன்னு ஐ.டி. பையன் பென்டிரைவோட வந்து நின்னா, மொதல்ல மேனேஜர் மெஷின்ல ஏத்தச் சொல்லு. அங்க ஓடினா உனக்கு ஏத்திக்க. ஓடலைன்னா நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம், சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ் பூரா பழையபடி ஆயிரும்.