அரைக் கிலோ வத்தல், மூன்றரைக் கிலோ காற்று

பங்குனியும் சித்திரையும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எனக்கும் காக்காய்களுக்கும் யுத்த காலம். விடியற்காலையில் கூழ் கிளறி, சூடு ஆறுவதற்குள் பழைய வேட்டியில் வத்தல் பிழிந்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, நடுவில் கறுப்புக் குடையை விரித்துவிட்டு, ஒரு கையில் குச்சியும் மறு கையில் வாரப் பத்திரிகையுமாக நிழலில் உட்காருவேன். அந்த வத்தல் நாத்தனார் வீட்டுக்குப் போகும், கோயம்புத்தூர் சித்தி வீட்டுக்குப் போகும், எதிர்வீட்டுக்குப் போகும். போன தூக்குவாளி வெறுமனே திரும்பாது. மாங்காயோ முருங்கைக்காயோ உள்ளே இருக்கும். முப்பது வருஷமாக இதுதான் என் வியாபாரம். டெலிவரி சார்ஜ் கிடையாது.

2023 மே மாதம் எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். கும்பகோணத்தில் கணக்கு வாத்தியார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, அவர் மட்டும் வீட்டில். முதல் வாரம் ஃபிரிட்ஜைத் துடைத்தார். இரண்டாவது வாரம் நான் மளிகைச் சாமான் அடுக்கும் முறையில் இருக்கும் பிழைகளைச் சுட்டிக்காட்டினார். மூன்றாவது வாரம் நான் பிறந்த வீட்டுக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கும் கட்டத்தில் இருந்தபோது, சென்னையிலிருந்து பையன் போன் பண்ணினான்.

"அம்மா, உன் வத்தலை ஆன்லைன்ல விக்கலாமே. அப்பா பாத்துக்குவாரு."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான், பாவம்.

அன்று சாயங்காலமே ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி வந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'தலைமைச் செயல் அலுவலர்', அதன் கீழே தன் பெயர். என் பெயர் நாலாவது பக்கத்தில், 'உற்பத்திப் பிரிவு' என்ற தலைப்பின் கீழ் வந்தது.

பையன் வீடியோ காலில் பாடம் நடத்தினான். ஆன்லைனில் விற்க இரண்டு வழி. பெரிய தளத்தில் போய் உட்கார்ந்துகொள்வது, மகாமகத்தில் கடை போடுகிற மாதிரி. கூட்டத்தை அவர்களே கூட்டித் தருவார்கள், ஆனால் விற்கிற ஒவ்வொரு பொட்டலத்திலும் கமிஷன் பிடிப்பார்கள், பக்கத்திலேயே இன்னும் நாற்பது வத்தல் கடை இருக்கும். இல்லாவிட்டால் சொந்தமாக ஒரு இணையதளம். கமிஷன் இல்லை. கூட்டமும் இல்லை, நாமே தெருவில் நின்று கூவ வேண்டும். வாத்தியார் யோசிக்காமல் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். முப்பத்தைந்து வருஷம் கூவியவர்தானே.

தளத்துக்குப் பெயர் வைக்கத்தான் ஒன்பது நாள். வத்தலை ஆங்கிலத்தில் எழுத ஒரு 'டி'யா, இரண்டு 'டி'யா, நடுவில் 'எச்' வருமா என்று அப்பாவும் பிள்ளையும் மோதிக்கொண்டார்கள். நாம் எப்படி எழுதினாலும் ஜனங்கள் வேறு மாதிரித்தான் தேடுவார்கள் என்றான் பையன். அது சரிதான். நாங்கள் வத்தல் என்பதை எதிர்வீட்டு மாமி வடாம் என்பார். என் மதுரைச் சிநேகிதி கூழ் வத்தல் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். சிலர் வடகம் என்கிறார்கள். எல்லாப் பெயரையும் பொருளுக்குக் கீழே எழுதி வைத்தால்தான் தேடுகிறவர் கண்ணில் படுமாம். அப்படியே எழுதினார். இதில் 'வடகம்' என்ற ஒரு சொல் பின்னால் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

படம் எடுத்தது சிறிய கதை. வெள்ளை வத்தலை வெள்ளைத் தட்டில் வைத்து எடுத்தார். காலித் தட்டு எவ்வளவு என்று கேட்டு என் நாத்தனார் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டாள். வாழை இலைக்கு மாறினோம்.

உணவுப் பண்டம் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். எங்களைப் போல வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள் விற்கிறவர்களுக்கு அப்போது வெறும் பதிவு போதுமாக இருந்தது, கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். பதினாலு இலக்க எண் ஒன்று வந்தது. 12 லட்சம் என்ற வரம்பைப் படித்துவிட்டு, "தாண்டிட்டா லைசென்ஸ் மாத்தணுமே" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். அப்போது எங்கள் மொத்த விற்பனை பூஜ்யம்.

பொட்டலத்தின் மேல் எடை, அதிகபட்ச சில்லறை விலை, அடைத்த மாதம், நம் முகவரி, புகார் சொல்ல ஒரு போன் நம்பர், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் அச்சாக வேண்டும். போன் நம்பருக்குத் தன்னுடையதைக் கொடுத்தார். இரவு பத்தரை மணிக்கு வரும்: "சார், இதை எந்த எண்ணெயில பொரிக்கிறது?" போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்பார். வாடிக்கையாளர் சேவை இப்படித்தான் எங்கள் படுக்கையறைக்குள் வந்தது.

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒரு குறைதீர் அதிகாரியையும் நியமிக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் 'கிடைத்தது' என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் தன் பெயரையே போட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கொடுத்த புகார்களில் ஒன்றுக்குக்கூட 'கிடைத்தது' என்ற பதில் வந்ததில்லை. இந்த விதி முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

வரி விஷயம் இன்னும் வேடிக்கை. சொந்தக் கடையில் சரக்கு விற்கிறவருக்கு நம் மாநிலத்தில் வருஷம் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம், ஆனால் பெரிய தளத்தின் வழியாக ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம் என்று அப்போது இருந்தது. மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு அதே 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்துதான் இதில் விலக்கு கிடைத்தது. நல்ல வேளை நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனாலும் வாத்தியார் ஆடிட்டரிடம் போய் ஒரு சந்தேகம் கேட்டு வந்தார். அப்பளத்துக்கு வரி இல்லை. அச்சில் அழுத்திப் பிழிந்து செய்யும், பொரிக்காத நொறுக்குத் தீனிக்கு 18 சதவீதம் இருந்து, அந்த ஜூலையில்தான் 5 ஆகக் குறைத்தார்கள். அப்படியானால் என் கூழ் வத்தல் எதில் சேர்த்தி? தட்டினால் அப்பளத்துக்கு அண்ணன், பிழிந்தால் தொழிற்சாலைத் தீனிக்குத் தம்பியா? "40 லட்சம் வரட்டும் சார், அப்பறம் சண்டை போடலாம்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டாராம் ஆடிட்டர்.

விலை நிர்ணயம். கணினியில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். அரிசி, ஜவ்வரிசி, பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம், பெருங்காயம், கேஸ், கவர், ஸ்டிக்கர், டேப். வாங்குகிறவர் ஆன்லைனில் பணம் கட்டினால் அதை வாங்கித் தருகிற நிறுவனத்துக்குச் சுமார் 2 சதவீதம், அந்த 2 சதவீதத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. கால் கிலோ பொட்டலம் 120 ரூபாய், லாபம் 41 ரூபாய் என்று கீழே பச்சை நிறத்தில் மின்னியது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'கூலி' என்று ஒரு வரி. எதிரில் பூஜ்யம்.

"இது யாரோட கூலிங்க?"

"அது... வேலையாள் வெச்சா வரும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கூழ் கிளறவில்லை, அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் அந்தக் கட்டத்தில் 20 ரூபாய் ஏறியிருந்தது. லாபம் 21 ஆகிவிட்டதே என்று இரண்டு நாள் முகம் தூக்கி வைத்திருந்தார்.

முதல் ஆர்டர் ஓசூரிலிருந்து வந்தது. சொந்தக்காரர் இல்லை, தெரிந்தவர் இல்லை. முன்பின் பார்த்திராத ஒருவர் 240 ரூபாய் கட்டி என் வத்தலைக் கேட்கிறார் என்றபோது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டு பொட்டலம், அரைக் கிலோ. உடையக் கூடாதே என்று பெரிய அட்டைப் பெட்டியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நடுவில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்து, டேப்பால் சுற்றிக் கட்டினோம்.

கூரியர் ஆபீஸில் தராசில் வைத்தார்கள். எழுநூறு கிராம். வாத்தியார் திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் கவுன்டரில் இருந்த பெண் டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தாள். முப்பத்தைந்து, இருபத்தைந்து, இருபது. மூன்றையும் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தாள்.

"மூணரைக் கிலோ சார்."

"எழுநூறு கிராம்தானேம்மா காட்டுச்சு?"

"வண்டியில எடுத்துக்குற இடத்துக்கும் கணக்கு இருக்கு சார். ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்குத்தான் சார்ஜ்."

நீளம் பெருக்கல் அகலம் பெருக்கல் உயரம். முப்பத்தைந்து வருஷமாக எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் இவர் எழுதி எழுதி அழித்த சூத்திரம். 'சார், இது வாழ்க்கையில எதுக்கு உதவும்?' என்று கேட்ட பையன்களை எல்லாம் பெஞ்சு மேல் நிற்க வைத்தவர். 240 ரூபாய் வத்தலுக்கு 260 ரூபாய் கூரியர் கட்டினார். அதில் பெரும்பங்கு கும்பகோணத்துக் காற்றுக்குத்தான் போயிற்று. தளத்தில் 'டெலிவரி இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தவரும் இவரேதான். வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் டேப்பும் கையுமாக அலைந்தார். ஸ்வீட் கடைப் பெட்டி, மருந்துக் கடைப் பெட்டி, என் புடவைப் பெட்டி வரை அளந்தார். 25-க்கு 20-க்கு 10 என்று ஒரு பெட்டி அமைந்தது. சரியாக ஒரு கிலோ. ஆனால் அதில் வத்தல் நெருக்கியடித்துப் போய் இறங்கும்போது பாதி தூளாகிவிடும். பெட்டி பெரிசானால் காசு உடைகிறது, சின்னதானால் வத்தல் உடைகிறது. கடைசியில் நான்தான் வத்தலைக் குட்டையாகப் பிழிய ஆரம்பித்தேன். என் மாமியார் கைவாகு மாறியது கூரியர்காரனின் ஐயாயிரத்தால்.

உலகத்தில் முதன்முதலில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் சாமான் வாங்கியவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரைச் சேர்ந்த ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி என்று பையன் சொன்னான். 1984-இல், டிவி ரிமோட்டை அமுக்கி, டெஸ்கோ கடையிலிருந்து மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை வரவழைத்தாராம். அப்பாவும் பிள்ளையும் அந்தத் தொழில்நுட்பத்தை வியந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே கேள்விதான்: முட்டையை எதில் வைத்து அனுப்பினார்கள்?

முன்பணம் கட்டினால்தான் சரக்கு என்று இருந்தவரை மாதம் நாலு ஆர்டர் வந்தால் பெரிசு. வீட்டு வாசலில் காசு கொடுக்கலாம் என்று திறந்துவிட்டதும் பிய்த்துக்கொண்டு வந்தது. 2010-இல் ஃபிளிப்கார்ட் இந்த முறையைக் கொண்டுவந்த பிறகுதான் நம் ஊர் ஜனங்களுக்கு ஆன்லைன் கடை மேல் நம்பிக்கை வந்தது என்பார்கள். ஆனால் இது என்ன புதுசா? 1877-லிருந்து நம் தபால்காரர்கள் வி.பி.பி. என்ற பெயரில் செய்தது இதுதானே. என் அப்பா மாதாமாதம் சென்னையிலிருந்து ஜோசியப் புத்தகம், யோகாசனப் புத்தகம் என்று வி.பி.பி.யில் வரவழைப்பார். தபால்காரர் வரும் நேரத்தில் அப்பா ஆபீஸில் இருப்பார். அம்மா, "அவர் ஊர்ல இல்லியே" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். எத்தனை புத்தகக் கடைக்காரர்கள் வயிற்றெரிச்சலோ, அத்தனையும் சேர்த்து என் தலையில் விடிந்தது.

மூன்று பார்சல் போனால் ஒன்று திரும்பி வந்தது. 'வீடு பூட்டியிருக்கிறது.' 'வாங்க மறுத்தார்.' 'போன் எடுக்கவில்லை.' போகிற கூலியும் நம்முடையது, வருகிற கூலியும் நம்முடையது. திருநெல்வேலிக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு அலுங்காமல் திரும்பிய வத்தலைப் பொரித்துச் சாப்பிட்டால், அந்த ஒரு வாய்க்கு ஆன செலவில் நான் திருநெல்வேலிக்கே போய் அல்வா சாப்பிட்டிருக்கலாம்.

வடகம் கதை இப்போது. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தளத்தில் 'வடகம்' என்று தேடி, படத்தைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட்டார். அவர்கள் பக்கத்தில் வடகம் என்றால் சின்ன வெங்காயம் இடித்து, கடுகு, உளுந்து எல்லாம் கலந்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு உருண்டை. கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு எங்கள் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். ஒரு நட்சத்திரம் கொடுத்து, கீழே 'வாசனையே இல்லை, ஏமாற்று வேலை' என்று எழுதினார். குறைதீர் அதிகாரி நாற்பத்தேழாவது மணி நேரத்தில் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா அடங்கி, வடகம் செய்கிற முறையைக் கால் மணி நேரம் விவரமாகச் சொன்னார். இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். 'புதிய தயாரிப்பு' என்று தலைப்பிட்டு நாலாவது பக்கத்தில், உற்பத்திப் பிரிவில்.

தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவிந்தது. ஐப்பசி அடைமழை, மாடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. தளத்தில் 'இருப்பு இல்லை' என்று போட்டோம். எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு எங்க வீட்டுக்காரர் வானிலை அறிக்கை வாசித்தார்.

இந்த அமளியில் எங்களுக்கு வாய்த்த ஒரே நிரந்தர வாடிக்கையாளர், திரும்பி வரும் பார்சல்களைக் கொண்டுவந்து போடும் கூரியர் தம்பி. நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு நாள் மழையில் நனைந்து நின்றவருக்கு டீயும் பொரித்த வத்தலும் கொடுத்தேன்.

"அக்கா, இவ்வளவு நல்லா இருக்கு, ஏன்க்கா எல்லாரும் ரிட்டர்ன் பண்றாங்க? எனக்கு ரெண்டு பாக்கெட் குடுங்க" என்று பையில் கைவிட்டுக் காசை எடுத்தார்.

நான் கையை நீட்டுவதற்குள் தலைமைச் செயல் அலுவலர் குறுக்கே வந்துவிட்டார். "இப்படி வாங்கினா கணக்குல வராதுப்பா. ஆன்லைன்ல ஆர்டர் போடு. அப்படியே ரிவ்யூவும் எழுதிடு."

பெரியவர் சொல்கிறாரே என்று அந்தத் தம்பி வாசலில் நின்றபடியே ஆர்டர் போட்டார். மறுநாள் காலை அவரே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அது இரவு லாரி ஏறித் திருச்சிக்குப் போய், அங்கே பிரித்து அடுக்கும் கிடங்கில் ஒரு நாள் தங்கி, மூன்றாம் நாள் கும்பகோணத்துக்கே திரும்பி அவர் பைக்கிலேயே ஏறியது. தன் வீட்டு வாசலில் நின்று, தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைத் தன் கையிலிருந்த கருவியில் தானே அமுக்கி, தன் பார்சலைத் தானே பெற்றுக்கொண்டார்.

நாலைந்து உடைந்திருந்ததாம். மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். 'வத்தல் அருமை, டெலிவரிதான் லேட்' என்று எழுதியிருந்தார்.